கூட்டமே வராத மேட்ச்சுக்கு ஏன் போகணும்?

கொஞ்சம் நீளமான த்ரெட். சர்க்கரை, எலும்பு, ஆயுசு எல்லாம் பின்னாடி வரும். அதுக்காக மட்டும் என்னைப் பின்தொடர்றவங்க பொறுமையா ஸ்க்ரோல் பண்ணி வாங்க.

முதல்ல ஒரு கேள்வி.

உங்க ஊர் கல்லூரி மைதானத்துக்குள்ள கடைசியா எப்போ போனீங்க? வாக்கிங் போனது கணக்கில் வராது. பொருட்காட்சிக்கு, பொதுக்கூட்டத்துக்கு, கார் ஓட்டிப் பழகப் போனதும் கணக்கில் வராது. அங்கே பசங்க ஆடுற ஒரு மேட்ச்சை உட்கார்ந்து பார்க்கணும்னு எப்போ போனீங்க?

பெரும்பாலானவங்க பதில் எனக்குத் தெரியும். "அப்படி மேட்ச் எல்லாம் நடக்குதா டாக்டர்?"

நடக்குது. வருஷா வருஷம் நடக்குது. கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி, அதில் தேறினவங்களை வச்சு பல்கலைக்கழக அணி, அப்புறம் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி. ஆடுறவங்க இருபது பேர் இருப்பாங்க, பார்க்கிறவங்க பத்துப் பேர் இருப்பாங்க. அந்தப் பத்துப் பேரிலும் பாதிப் பேர் அடுத்த மேட்ச்சுக்காகக் காத்திருக்கிற டீம்.

இப்படி ஆளில்லாத மேட்ச்சுகளைப் பற்றித்தான் எழுதப் போறேன். பழசை நினைச்சு உருகுறதுக்காக மட்டும் இல்லை. ஒரு காரணம் இருக்கு.

சில மாதங்களுக்கு முன்னாடி மருத்துவ முகாமுக்காக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அந்த மைதானத்தோட ஓரத்தில் ரெண்டு பூப்பந்து கோர்ட் இருந்தது எனக்கு நல்லாவே தெரியும். இப்போ அங்கே பேவர் பிளாக் பதிச்சு கார் நிறுத்துறாங்க. கம்பம் நட்ட குழியை சிமென்ட் போட்டு மூடியிருக்காங்க, வட்டமா அடையாளம் மட்டும் தெரியுது. ஏன் சார்னு கேட்டேன். நிர்வாகத்தில் இருந்த ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்:

"பார்க்க ஆளே வராத கேமுக்கு எதுக்கு டாக்டர் இவ்வளவு இடம்?"

கேட்க நியாயம் மாதிரியே இருக்கு இல்லையா? நாலு நாள் மனசுல போட்டு உருட்டிப் பார்த்தேன். எனக்கு அது நியாயமாப் படலை. ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி, பூப்பந்து தெரியாத தலைமுறைக்கு ரெண்டு வார்த்தை. இது ஷட்டில் இல்லை. பால் பேட்மிண்டன். மஞ்சள் கம்பளி நூலில் செய்த, எலுமிச்சம்பழம் அளவு பந்து. எடை ஷட்டில் காக்கைவிடப் பல மடங்கு. ஷட்டில் காக் 5 கிராம் சொச்சம்தான், அப்போ கையில் அடி எப்படி விழும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. ஒரு பக்கம் அஞ்சு பேர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். 35 பாயிண்ட் ஒரு கேம், மூணில் ரெண்டு எடுத்தா வெற்றி. தேவைப்படுறது மட்டமான செம்மண் தரை, ரெண்டு கம்பம், ஒரு நெட். கூரை வேண்டாம், மரத்தரை வேண்டாம், மணிக்கணக்கில் வாடகை வேண்டாம்.

நம்ம மண்ணில் பிறந்த ஆட்டம் இது. தஞ்சாவூர் அரச குடும்பம் 1856 வாக்கில் ஆடியதா சொல்வாங்க. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, ராஜ்யம் கம்பெனி கைக்குப் போன நேரம் அது. ஆள நாடு இல்லாத அரண்மனையில் சாயங்காலத்தை எப்படித்தான் தள்ளுறதுன்னு யாரோ பந்தைத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நான் நினைச்சுக்குவேன். இது என் கற்பனை, பரீட்சையில் எழுதி வச்சிராதீங்க.

சரி, நம்ம ஊருக்கு வர்றேன்.

எனக்கு நாட்டரசன்கோட்டை. சிவகங்கைக்குப் பக்கம். கண்ணாத்தா கோயிலும் கம்பர் சமாதியும் இருக்கிற ஊர். செட்டிநாட்டுப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், தெருவை அடைச்சுக் கட்டின பெரிய பெரிய வீடுகள், முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். தை மாசம் செவ்வாய்ப் பொங்கலுக்கு மட்டும் எங்கெங்கோ இருக்கிற நகரத்தார் எல்லாம் வந்து, கோயில் முன்னாடி வரிசையா நூற்றுக்கணக்கில் பானை வைப்பாங்க. அன்னிக்கு ஊரே திருவிழா. அடுத்த வாரம் பார்த்தீங்கன்னா திரும்பவும் பூட்டு.

ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பரிதாபப்படுற பழக்கம் எங்க ஊர்க்காரங்களுக்குக் கிடையாது. பூட்டின வீட்டுக்கும் தினம் யாராவது வந்து வாசல் கூட்டித் தண்ணி தெளிப்பாங்க. பார்க்க யாரும் வரலைன்னு கோலம் போடாம விட மாட்டாங்க.

எங்க பெரிய மாமா அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியார். சனி, ஞாயிறு வந்தா பூப்பந்து அம்பயர். எண்பதுகளோட கடைசி, தொண்ணூறுகளோட ஆரம்பம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு. காரைக்குடியில் காலேஜ் மேட்ச் இருந்தா என்னையும் இழுத்துக்கிட்டுப் போவார். மாமாவுக்குத் துணை வேணும்னு வெளியே பேரு. நிஜக் காரணம், தூக்குவாளியில் தயிர்சோறு சுமக்க ஆள் வேணும்.

அப்போ மீட்டர் கேஜ். காலையில் பாசஞ்சர் ஏறினா பனங்குடி, கல்லல், தேவகோட்டை ரஸ்தான்னு ஒவ்வொரு ஸ்டேஷனா நின்னு நின்னு போகும். மாமா பையில் விசில், டேப், வெள்ளைச் சட்டை ஒண்ணு தனியா மடிச்சு. ரயிலில் போட்ட சட்டையோட அம்பயர் ஸ்டூலில் ஏற மாட்டார். பார்க்கிறது பத்துப் பேர்தானே மாமான்னு ஒரு தடவை கேட்டேன். "ஆடுறவன் பார்க்கிறான்ல மாப்ள" என்றார்.

அழகப்பர் கட்டின கல்லூரி வளாகத்தை அப்போதான் முதல்ல பார்த்தேன். அந்த மனுஷனைப் பற்றி நம்ம பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1947-ல் கலைக் கல்லூரி ஆரம்பிச்சவர். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தவர். 1957-ல் போய்ச் சேரும்போது அவருக்கு வயசு 47. அந்தப் பரந்த செம்மண் வெளியில் காலையில் தண்ணி தெளிச்சு, ரோலர் உருட்டி, சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கோர்ட்டைப் பார்த்தா, புதுசாக் கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்கும்.

டீம்கள் வரும். தேவகோட்டை சேவுகன் அண்ணாமலை கல்லூரி, திருப்பத்தூர் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரி, சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரி, இளையான்குடி ஜாகிர் உசேன் கல்லூரி. டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாங்க. பேட் எல்லாம் துணிப்பையில். ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூன்னு மாத்தி மாத்திப் போட்டவங்களை நானே பார்த்திருக்கேன்.

பார்வையாளர்கள்? சொல்றேன். ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க் ஒருத்தர், குடையோட. சைக்கிள் கேரியரில் டீ கேன் கட்டி வர்றவர், அவருக்கு வியாபாரம் முக்கியமா மேட்ச் முக்கியமான்னு கடைசி வரைக்கும் தெரியலை. ஆடு மேய்க்கிற அண்ணன் ஒருத்தர். அவரோட ஆடுகள். பல் குத்திக்கிட்டு நிற்கிற காலேஜ் வாட்ச்மேன். தூக்குவாளியோட நான்.

இவ்வளவுதான் கூட்டம்.

இதில் என்னய்யா சுகம்னு கேட்டீங்கன்னா, முதல் சுகம் சத்தம். டிவியில் மேட்ச் பார்த்தே வளர்ந்தவங்களுக்கு ஆட்டத்தோட சொந்தச் சத்தம் எப்படி இருக்கும்னே தெரியாது. கம்பளிப் பந்து நரம்பில் படுறப்போ ஒரு அமுங்கின சத்தம் வரும். நல்லா அடிச்சா ஒரு மாதிரி, ஃப்ரேமில் பட்டா வேற மாதிரி. செம்மண்ணில் கால் சறுக்கி நிற்கிற சத்தம். சென்டர்ல நிற்கிறவன் பின்னாடி பார்க்காமலே "விடு, விடு" ன்னு சொல்றது. பேக்ல நிற்கிற ரெண்டு பேரும் ஒரே பந்துக்கு ஓடி, கடைசி நொடியில் ஒருத்தன் விலகுறது. மூச்சு வாங்குறதுகூடக் கேட்கும். கண்ணை மூடிக்கிட்டே யாரு களைச்சுட்டாங்கன்னு சொல்லிடலாம். (இன்னிக்கு ஸ்டெதஸ்கோப் வச்சுப் பண்ற வேலையை அன்னிக்கே இலவசமாக் கத்துக்கிட்டிருக்கேன்.)

ரெண்டாவது, நீங்க அங்கே கூட்டத்தில் ஒருத்தர் இல்லை. நீங்களும் அந்த மேட்ச்சில் ஒரு ஆள். குடைத் தாத்தா ரெண்டு கேமுக்கு நடுவில் மெதுவா, "தம்பி, காத்து அந்தப் பக்கமிருந்து வருது, தூக்கி அடிக்காத" ன்னு சொல்வார். திறந்த வெளியில் கம்பளிப் பந்துக்குக் காத்துதான் பன்னிரண்டாவது ஆள். பன்னிரண்டாவதா, பதினொண்ணாவதான்னு கேட்காதீங்க, அம்பயரையும் சேர்த்திருக்கேன். அந்தப் பையன் கேட்பான். அடுத்த கேமில் பந்து தாழப் போகும். தாத்தா குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார். லட்சம் பேர் கத்துற ஸ்டேடியத்தில் உங்க ஒரு வார்த்தை யாரு காதில் விழும், சொல்லுங்க.

ஒரு வருஷம் தாத்தா வரலை. டீம் பசங்க மாமாகிட்ட வந்து, "சார், குடை தாத்தா எங்க சார்?" னு கேட்டாங்க. கண்ணு ஆபரேஷன்னு டீக்காரர் சொன்னார். பசங்க முகத்தில் ஒரு வாட்டம். எனக்கு அது அப்போ புரியலை. இப்போ புரியுது. பத்துப் பேரில் ஒருத்தர் குறைஞ்சா தெரியும். பத்தாயிரத்தில் ஆயிரம் குறைஞ்சாலும் தெரியாது.

பெரிய விளையாட்டில் மட்டும் என்ன வாழுதுங்க? ரஞ்சிக் கோப்பையோட முதல் மேட்ச் நம்ம சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4, மெட்ராஸும் மைசூரும். ஒரே நாளில் முடிஞ்சு போச்சு. தமிழ்நாடு ரெண்டு தடவை அந்தக் கோப்பையை ஜெயிச்சிருக்கு, 1954-55லும் 1987-88லும். இருந்தும் ரஞ்சி மேட்ச் நடக்கிற அன்னிக்கு சேப்பாக்கம் போய்ப் பாருங்க. காலி நாற்காலிதான் உங்களை வரவேற்கும். சென்னையில் படிச்சப்போ நைட் ட்யூட்டி முடிச்சு நேரா அங்கே போய் உட்கார்ந்து, பாதி பார்த்து, பாதி தூங்கி வந்திருக்கேன். ஸ்லிப்பில் நிற்கிறவங்க பேசுறது கேட்கும்.

2025 ஜனவரி கடைசியில் விராட் கோலி பல வருஷம் கழிச்சு டெல்லிக்காக ரஞ்சி ஆட வந்தப்போ ஆயிரக்கணக்கில் கூட்டம் நெரிஞ்சது. அவர் 6 ரன்னில் போல்ட் ஆனார். அவ்வளவுதான், கூட்டம் எழுந்து கிளம்பிடுச்சு. மேட்ச் மட்டும் பாட்டுக்கு நடந்தது. வந்தவங்க ஒரு ஆளைப் பார்க்க வந்தாங்க, ஆட்டத்தைப் பார்க்க இல்லை. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா கூட்டத்தை வச்சு ஒரு விளையாட்டோட மதிப்பை அளக்கலாம்னு யாராவது சொன்னா, அந்த நாளை ஞாபகப்படுத்துங்க.

என்கூட எம்.பி.பி.எஸ். படிச்ச நண்பன் ஒருத்தன் அமெரிக்காவில் இருக்கான். அங்கே கல்லூரி பேஸ்பால்னு ஒண்ணு. அதோட இறுதிச் சுற்று 1950-லிருந்து ஒமாஹா நகரத்தில் நடக்குது, மைதானம் நிரம்பும், டிவியில் வரும். ஆனா இவன் போறது அதுக்கு இல்லை. மார்ச் மாசக் குளிரில், வார நாள் மத்தியானம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கல்லூரியோட மேட்ச்சுக்கு. போர்வை போத்தின அம்மா அப்பா கொஞ்சப் பேர், ஒரு நாய், இவன். "டேய், காரைக்குடி கதை சொல்வியே, அதே கூட்டம்டா இங்கயும்" னு போட்டோ அனுப்புறான். உலகம் முழுக்க இந்தப் பத்துப் பேர் இருக்காங்க போல.

சரி டாக்டர், உங்களுக்குப் பொழுதுபோச்சு. பசங்களுக்கு என்ன லாபம்? கேளுங்க.

சில வருஷம் முன்னாடி, எங்க பக்கத்துக் கிராமத்துப் பொண்ணு ஒண்ணு கால் முட்டி வலின்னு கிளினிக் வந்தது. அம்மா கூட வந்திருந்தாங்க. காலேஜ் ரெண்டாம் வருஷம், பூப்பந்து டீமில் பேக். பெரிய காயம் ஒண்ணும் இல்லை, பத்து நாள் ஓய்வு போதும். "ஒரேயடியா ஆடக்கூடாதுன்னு சொல்லிருங்க சார், இவ அப்பா ஆடவிட மாட்டேங்கிறாரு, நீங்க சொன்னா கேட்பா" ன்னு அம்மா என் காதோரமாச் சொன்னாங்க. நான் அப்படிச் சொல்லலை. மேட்ச் எப்போன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்.

போனேன். மூணு படி சிமென்ட் கேலரியில் நானும் இன்னும் நாலு பேரும். முதல் கேம் பாதி நடக்கையில் காம்பவுண்ட் ஓரம் வேப்பமரத்தடியில் டிவிஎஸ் 50 ஒண்ணு வந்து நின்னுச்சு. இறங்காம, ஒரு காலைத் தரையில் ஊன்றியே ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தார். ரொம்ப நேரம் கழிச்சு வண்டியை ஸ்டாண்ட் போட்டுட்டு வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"எத்தனை பாயிண்ட்டுக்கு சார்?"

"35 ணே."

"நம்ம பிள்ளைங்க எத்தனை?"

சொன்னேன். அதுக்கப்புறம் அவர் பேசலை. அன்னிக்கு அந்த டீம் தோத்துப் போச்சு. முடிஞ்சதும் அவர் போய் பொண்ணு பையை வாங்கி வண்டி முன்னாடி வச்சார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பொண்ணு மூணாம் வருஷமும் ஆடுச்சு. அப்புறம் உடற்கல்வி படிச்சு, இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. டீச்சர்.

நான் போய் உட்கார்ந்ததால்தான் இதெல்லாம் நடந்ததுன்னு கதை விட மாட்டேன். ஆனா ஊர்ப் பெரியவங்க நாலு பேர் மதிச்சு உட்கார்ந்து பார்க்கிற விஷயத்தை வீட்டில் யாரும் அவ்வளவு சுலபமா "வெட்டி வேலை" ன்னு சொல்லிட மாட்டாங்க. இது நம்ம ஊர் கணக்கு. உங்களுக்கும் தெரியும்.

இப்போ டாக்டர் பேச்சுக்கு வர்றேன்.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதோட வாசலில் நிற்கிறாங்க. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, 2023-ல் வெளியானது. 11 முதல் 17 வயசு வரைக்குமான பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லுச்சு. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வேணும். பையன்களில் 78, பொண்ணுங்களில் 85 சதவீதம் அதைத் தொடலை.

எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம எலும்போட உறுதியில் பெரும்பகுதி 20 வயசுக்குள்ளயே சேர்ந்துடுது. ஓடி, குதிச்சு, சட்டுன்னு நின்னு திரும்புற விளையாட்டுதான் அதைச் சேர்க்கும். அறுபது வயசில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிஞ்சு வர்ற பாட்டிகளுக்கு நான் எழுதித் தர்ற கால்சியம் மாத்திரை, பத்தொன்பது வயசில் ஆடியிருக்க வேண்டிய ஆட்டத்துக்கு ஈடாகாது.

இதில் கல்லூரி வயசு ஏன் முக்கியம்? பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடாவது இருக்கு, அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கலைன்னா. குடியரசு தினப் போட்டி, பாரதியார் தினப் போட்டின்னு ஏதோ ஒரு ஏணி இருக்கு. கல்லூரி முடிஞ்சா, சாதாரணமா ஆடுறவனுக்கு எதுவுமே இல்லை. திறமைசாலிக்கு ரயில்வே, போலீஸ், பேங்க் டீம் இருக்கலாம். மத்தவங்களுக்கு 21 வயசில் கடைசி மேட்ச். அதுக்கப்புறம் அவங்களை நான் பார்க்கிறது 35 வயசில், கிளினிக்கில், தொப்பையோட. "முன்னாடி காலேஜ் டீம்ல ஆடினேன் சார்" ன்னு அவங்களாவே சொல்வாங்க. அந்த ஒரு வரி சொல்றப்போ மட்டும் நிமிர்ந்து உட்காருவாங்க.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தில் எட்டாயிரத்து ஐநூறு பேருக்கு மேல சுமார் 25 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க. 2018-ல் வெளிவந்தது. எதுவுமே செய்யாம உட்கார்ந்திருந்தவங்களோட ஒப்பிட்டா, டென்னிஸ் ஆடினவங்க 9.7 வருஷம் கூடுதலா வாழ்ந்தாங்க. பேட்மிண்டன் 6.2. கால்பந்து 4.7. ஜாகிங் 3.2. ஜிம்முக்குப் போனவங்க 1.5.

உடனே ஜிம் மெம்பர்ஷிப்பைக் கேன்சல் பண்ணாதீங்க. டென்னிஸ் ஆடினதாலயே ஆயுசு கூடுச்சுன்னு இந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது. வசதி இருக்கிறவங்கதானே அங்கே டென்னிஸ் ஆடுவாங்க, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா பட்டியலைப் பாருங்க. மேலே இருக்கிறது எல்லாம் எதிரே ஒரு ஆள் நின்னு, கூட நாலு பேர் நின்னு ஆடுற விளையாட்டு. தனியா செய்றது எல்லாம் கீழே. மனுஷங்களோட சேர்ந்து ஆடுறதிலேயே ஏதோ இருக்கலாம்னு ஆய்வு செஞ்சவங்களும் சந்தேகப்படுறாங்க. ஒரு பேட்மிண்டன் கோர்ட்டில் அதிகபட்சம் நாலு பேர். பூப்பந்து கோர்ட்டில் பத்துப் பேர். கார் நிறுத்த எத்தனை பேர்? விடுங்க.

இந்த ஆட்டத்துக்காக முதல் அர்ஜுனா விருது வாங்கினவர் ஜம்மலமடக பிச்சய்யா, 1970-ல். நூறு வயசைத் தாண்டி வாழ்ந்து, 2021 டிசம்பரில் வாரங்கல்லில் காலமானார். ஒரு ஆளை வச்சு மருத்துவத்தில் முடிவு கட்டக் கூடாது. தெரிஞ்சும் சொல்லாம இருக்க முடியலை.

பார்க்கிறவங்களுக்கும் மருந்து இருக்கு. எங்கிட்ட வர்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர். மனைவி இறந்துட்டாங்க, பிள்ளைங்க வெளிநாடு. வாக்கிங் போங்க ஐயான்னு மூணு வருஷம் சொன்னேன், போகலை. "தனியா எங்க சார் நடக்கிறது" ம்பார். பக்கத்துக் காலேஜில் சாயங்காலம் பசங்க பிராக்டிஸ் பண்றாங்க, போய்ப் பார்த்துட்டு வந்து எப்படி ஆடுறாங்கன்னு எனக்குச் சொல்லுங்கன்னேன். போக ஒண்ணரை கிலோமீட்டர், வர ஒண்ணரை. இப்போ எந்தப் பையனுக்கு எந்தப் பந்து சரியா வராதுன்னு கிளினிக்கில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொல்றார். வெளியே காத்திருக்கிற பேஷண்ட்தான் பாவம். உலகில் ஆறில் ஒருத்தர் தனிமையில் வாடுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிக்கை விட்டிருக்கு. அதுக்கு மாத்திரை எந்தக் கம்பெனியும் இன்னும் போடலை.

இப்போ அந்தக் கேள்விக்குத் திரும்புறேன். "பார்க்க ஆளே வராத கேமுக்கு எதுக்கு இடம்?"

ஆள் ஏன் வரலை? மேட்ச் நடக்கிறது யாருக்காவது தெரியுமா? கேட்டுக்கு வெளியே ஒரு கரும்பலகை உண்டா? தெரிஞ்சு போனாலும் செக்யூரிட்டி நிறுத்துறார். "யாரு சார்? யாரைப் பார்க்கணும்? ஐ.டி. இருக்கா?" மேட்ச் பார்க்க வந்தேன்னு சொன்னா மேலும் கீழும் பார்க்கிறார். எனக்கே இது நடந்திருக்கு, ஸ்டெதஸ்கோப்பைக் காட்டி உள்ளே போனேன். ஆடு மேய்க்கிற அண்ணனும் டீக்காரரும் எதைக் காட்டுவாங்க? கதவைச் சாத்தி வச்சுட்டு, விருந்தாளியே வரலைன்னு சமையல்கட்டை இடிக்கிறது எந்த ஊர் நியாயம்?

பாதுகாப்புன்னு சொல்வாங்க. பெண்கள் மேட்ச்சில் அந்தக் கவலை நிஜம். அதை லேசா எடுத்துக்கச் சொல்ல மாட்டேன். கண்டவன் உள்ளே வந்து போன் கேமராவை நீட்டிக்கிட்டு நிற்கிறதை எந்தப் பெத்தவங்களும் விரும்ப மாட்டாங்க. அதுக்கு வழி இருக்கு. வாசலில் பேர் எழுதிக்கோங்க. போட்டோ, வீடியோ கூடாதுன்னு சொல்லுங்க. முன்வரிசை ஆடுற பிள்ளைங்களோட குடும்பத்துக்குன்னு வைங்க. பட்டமளிப்பு விழாவுக்கு ஆயிரம் பேரைச் சமாளிக்கிற கல்லூரிக்கு நாப்பது பேர் ஒரு பாரமா?

கல்லூரி நடத்துறவங்க, உடற்கல்வி இயக்குநர்கள் யாராவது இதைப் படிச்சீங்கன்னா நான் கேட்கிறது ரெண்டே விஷயம். மேட்ச் தேதியை கேட்டுக்கு வெளியே ஒரு போர்டில் எழுதுங்க, வாட்ஸ்அப்பில் மட்டும் போடாம. அன்னிக்கு ஒரு நாள் கேட்டைத் திறந்து வைங்க. வேற எதுவும் வேண்டாம். கேலரி கட்ட வேண்டாம், விளக்கு போட வேண்டாம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்க வேண்டாம். அந்தக் காசில் நல்ல நெட் ஒண்ணு வாங்கலாம்.

பொதுமக்களுக்கு: நீங்களாவே போய் உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து "சார், இந்த வருஷம் மேட்ச் எப்போ?" னு கேளுங்க. அவர் ஆச்சரியத்தில் ஒரு நிமிஷம் பேச மாட்டார். அப்புறம் நிறுத்த மாட்டார். பூப்பந்துதான்னு இல்லை. வாலிபால், கோ-கோ, ஹாக்கி, கபடி, உங்க ஊரில் எது இருக்கோ அது.

போறப்போ தொப்பி, தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்க. நம்ம மாவட்டத்து வெயிலுக்குக் காலை மேட்ச்தான் நல்லது, மத்தியானம்னா நிழல் பார்த்து உட்காருங்க. சர்க்கரைக்காரங்க சாப்பிட்டுட்டுப் போங்க. சர்வீஸ் போடுறப்போ கத்தாதீங்க, இது எங்க மாமா சொன்னது. ரெண்டு பக்கத்துக்கும் கை தட்டுங்க. பத்துப் பேர்தான் இருப்பீங்க, ஒரு பக்கம் மட்டும் தட்டினா அப்பட்டமாத் தெரியும்.

பந்து கோர்ட்டைத் தாண்டிக் கருவேலம் பக்கம் போச்சுன்னா எடுத்துப் போடுங்க. முள்ளு இருக்கும், பார்த்து.